மூன்றாவது பூட்டு

வீடியோக்காரர் பாதி முடியோடு வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததுமே, இரண்டாவது பூட்டும் உடைந்துவிட்டது என்று அவர் மனைவிக்குத் தெரிந்துபோயிற்று. இடப்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. வலப்பக்கம் காதை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தது. கழுத்தில் கட்டிய துணியை மட்டும், ஏதோ நல்ல காலம், அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"சலூன் டிவியில நம்ம ஆண்டுவிழா ஓடுது," என்றார். "பூட்டுப் போட்ட டிஸ்க். அதோட காப்பி. எங்கயும் நிக்காம ஓடுது. நம்ம வீட்டு பிளேயர்லகூட அவ்வளவு நல்லா ஓடல."

"முடிவெட்றவர் என்ன சொன்னாரு?"

"சூப்பரா எடுத்திருக்கீங்க சார்ங்கறாரு. கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பாராட்றாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாய்விட்டுச் சிரிக்கத் தெம்பில்லை. சிரித்தால் இந்த மனிதர் இன்னொரு பூட்டை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார், அதையும் அவள்தான் போட வேண்டும்.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவைப் படம் பிடிப்பது அவர் வேலை. அதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிஸ்க்காகப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த ஒரு நாற்காலி. பெற்றோர்கள் பள்ளியில் சொல்லிவைத்து ஆளுக்கொரு டிஸ்க் வாங்குவார்கள் என்பது ஏற்பாடு. நடந்தது வேறு. ஒரு வீட்டில் வாங்குவார்கள், தெரு முழுக்கப் பார்க்கும். வருஷா வருஷம் கேட்கிற வீடுகள் தேய்ந்துகொண்டே வந்தன.

முதல் பூட்டு என்று அவர் நினைத்தது வெறும் எழுத்து. படம் தொடங்கும் முன் சிவப்பில், "நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்" என்று போடச் சொன்னார். போட்டாள். ஜனங்கள் அந்த எழுத்தையும் சேர்த்தே நகல் எடுத்தார்கள். இரண்டாவது, கம்ப்யூட்டர் கடைக்காரர் தலையில் கட்டியது. டிஸ்க்குக்குள் பொய்யான தகவல்களைத் திணித்துவிடுமாம். நகலெடுக்கிற கம்ப்யூட்டர் குழம்பிப்போய் நின்றுவிடுமாம். திருடனைக் குழப்புவதற்கு முன்னால் அது காசு கொடுத்து வாங்கியவனைக் குழப்பிற்று. பழைய பிளேயர் வைத்திருந்த வீட்டிலெல்லாம் பிள்ளைகள் நடனத்தின் நடுவே தூக்கிய காலோடு நின்றார்கள். அத்தனை பேரும் போன் செய்தது அவளுக்குத்தான். அத்தனை டிஸ்க்கையும் திரும்பப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

"விட்டுடுங்களேன்," என்றாள் அன்று. "பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும். பூட்டுப் பூட்டுனு நமக்குத்தான் கையொடியுது."

"என் உழைப்பு போகுதே."

"என் உழைப்பு போகலையா?"

வலப்பக்க முடியை அவளே வெட்டிவிட்டாள்.

அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. விழா முடிகிறவரை ஒரு ஸ்டூலின் மேல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற மனிதர். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க இறங்கமாட்டார். அப்படி எடுத்ததை எவனோ ஒருவன் எதையோ அமுக்கி நகலெடுத்துவிடுகிறான் என்றால் வயிறு எரியத்தானே செய்யும். அது அவளுக்கும் புரிந்தது. புரிந்ததால் களைப்பு ஒன்றும் குறையவில்லை.

இந்த வருஷம் விழாவுக்கு மறுவாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் எழுந்து நின்று மைக்கை வாங்கிவிட்டார்.

"இந்த வருஷம் ஒவ்வொரு டிஸ்க்லயும் ரகசியமா ஒரு அடையாளம் இருக்கு. காப்பி ஒண்ணு என் கைக்குக் கிடைச்சா போதும், எந்த வீட்டு டிஸ்க்லேர்ந்து போட்டதுனு சொல்லிடுவேன். அந்த வீட்டை நோட்டீஸ் போர்டுல போட்டுடலாம்னு மேடம் சொல்லியிருக்காங்க."

தலைமையாசிரியை தலையாட்டினார். தன் பங்குக்கு ஒன்றும் சேர்த்தார். "அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் விழாவில இடம் கிடையாது."

கூட்டம் கலைந்த பிறகு வீடியோக்காரரைத் தனியே கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார். "இந்த வருஷமும் காப்பி நிக்கலைன்னா, டீச்சருங்களே போன்ல எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடட்டும். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." அலைச்சல் மிச்சம் என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். வருஷம் முழுக்க அவர்களுக்கு நிலையாக இருந்தது அந்த ஒரு வேலைதான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வீடியோக்காரரின் அக்கா, தம்பி மைக்கில் பேசியதைக் கேட்டு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியிருந்தாள். அவளுடைய மகளும் அந்தப் பள்ளிதான்.

அடையாளம் என்னவென்று வீட்டுக்கு வந்துதான் சொன்னார். எண் போட்டால் எவனாவது பார்த்து அழித்துவிடுவான். எந்த எண் எந்த வீடு என்று எழுதி வைத்த தாளும் தொலைந்துபோகும். அதனால் ஒவ்வொரு டிஸ்க்கின் கடைசியிலும் அந்தந்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை ஒரு கணம் வைத்துவிட வேண்டும். படம் முடிந்து, நன்றி எழுத்தெல்லாம் ஏறிப் போய், திரை கறுத்து, அந்தக் கறுப்பும் நன்றாக நீண்ட பிறகு. நகலெடுப்பவன் அதையும் சேர்த்துத்தான் எடுப்பான். முகத்தைப் பார்த்தால் வீடு தெரிந்துவிடும்.

"அதுவரைக்கும் எவன் உக்காந்து பாக்கப்போறான்?" என்றார். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு படத்தை எடுத்தும் வெட்டி ஒட்டியும் சலித்தவர்கள் அவர்கள் இருவரும். தாங்கள் போட்ட டிஸ்க் ஒன்றையாவது கடைசிவரை பார்த்ததாக இருவருக்கும் ஞாபகம் இல்லை. மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வழக்கமாக மூலப் படமாக ஒரு மாஸ்டர் தயாரானால் போதும், மற்றதெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே போட்டுவிடலாம். இப்போது வீட்டுக்கொரு மாஸ்டர். அதற்கு வீட்டுக்கொரு முகம். முன்வரிசையில் ஆடிய பிள்ளைகளுக்குக் கவலையில்லை, வேண்டிய அளவு இருந்தது. பின்வரிசைப் பிள்ளைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியிருந்தது. மரமாக நின்ற பையனின் முகம் இலைகளுக்குள் இருந்தது. அவன் தும்மியபோதுதான் வெளியே வந்தது. ஒரு பெண் முழு நிகழ்ச்சியிலும் அழுதுகொண்டே இருந்தாள். இன்னொருவன் கேமராவைப் பார்த்த ஒரே நேரத்தில் அவன் விரல் மூக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விரல் போய்ச் சேருவதற்குள் வெட்டினாள்.

நாத்தனார் மகளின் முகத்தைத் தேடத்தான் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பாப்பாவுக்கு மேடையில் வேஷம் கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று திரையின் கயிற்றை இழுப்பவள் அவள். சேர்ந்த வருஷத்திலிருந்து அதே வேலை. திரை ஒழுங்காகத் திறந்தால் யாரும் அவளை நினைக்கமாட்டார்கள், திறக்காவிட்டால் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். கயிறு இழுத்தது போதும், அடுத்த வருஷம் நாடகத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்று நாடக டீச்சர் இந்த முறைதான் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் பாப்பா வீட்டுக் கதவையெல்லாம் வசனம் பேசிக்கொண்டே திறக்கிறாள் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

விழா முழுவதையும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பாப்பாவின் ஒரு விரல்கூட இல்லை. கடைசியில் ஒத்திகை நாளில் எடுத்ததைத் தோண்டியபோது கிடைத்தது. அன்று ஸ்டாண்டின் கால் ஒன்று மடங்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவர் கேமராவை நாற்காலியில் வைத்திருக்கிறார், அணைக்க மறந்திருக்கிறார். கோணலாக ஒரு தரை, யார் யாரோ கடந்துபோகிற கால்கள், அதற்கு அந்தப் பக்கம் அரையிருட்டில் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பாப்பா. நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

கோணலை நிமிர்த்தி, இருட்டைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, அதைச் சேர்த்தாள். அவரிடம் காட்டவில்லை. அவர் எந்த முகத்தையும் பார்க்கக் கேட்கவில்லை. பூட்டுப் போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

டிஸ்க்குகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம் ஊரில் ஒரு மாற்றம் வந்தது, அது அவளுக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் முன்பின் பேசியறியாத ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டாத குறையாகச் சிரித்தார். பள்ளி வாசலில் ஒருத்தி அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். முகத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

நகல் வந்ததும் அதே சலூன் வழியாகத்தான். முடிவெட்டுகிறவர் நல்ல மனிதர். போன வருஷம் இவர் பாதியில் எழுந்துபோன கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல், "உங்க படம் ஒண்ணு வந்திருக்கு சார், யாரோ குடுத்துட்டுப் போனாங்க," என்று தானே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த முறை வீடியோக்காரர் முழுசாக முடிவெட்டிக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"மாட்டிக்கிட்டான்," என்று டிஸ்க்கை அவள் கையில் கொடுத்தார். "யாருனு பாத்து வை. குளிச்சிட்டு வரேன்."

அவள் டிஸ்க்கைப் போட்டுக் கடைசிக்குத் தள்ளினாள். கறுப்பு ஓடியது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கறுப்பு விலகி, பாப்பா சிரித்தாள்.

நாத்தனாரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. "என் தம்பி எடுத்தது, என் தம்பி எடுத்தது" என்று ஊரெல்லாம் சொல்கிற வாய், தம்பி பெண்டாட்டி பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவரை வளர்த்தது அந்த அக்காதான். அவர் கேமரா தூக்கிய முதல் வருஷங்களில் சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லாமல், வீடு வீடாக அவருடன் வந்து கை கடுக்க விளக்குப் பிடித்து நின்றதும் அவள்தான். அவளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதா? பாப்பாவை மறுபடி கயிற்றுக்கே அனுப்புவதா? டிஸ்க் ஓடவில்லை, கீறல் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவள் சொன்னால் அவர் நம்புவார். சொல்லத்தான் நினைத்தாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "யாரு?"

"முதல்ல சாப்பிடுங்க."

"யாருனு சொல்லு. அப்பறம் சாப்பிடறேன்."

பொய் சொல்லவும் தெம்பு வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "பாப்பா," என்றாள்.

துண்டு அவர் தலையிலேயே நின்றது. திரும்பித் திரையைப் பார்க்கவில்லை. "அக்காவா?" என்றார். பிறகு, "அக்காவா இருந்தா என்ன? மைக்ல சொன்னது சொன்னதுதான். நாளைக்கு மேடம் கேட்டா என்ன சொல்வேன்?"

"உங்க அக்காங்க."

"அதனாலதான் முதல்ல அங்க போறேன். மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுத்தான் பேரைக் குடுப்பேன். கிளம்பு."

சாப்பாடு அப்படியே இருந்தது. போகிற வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்னென்ன கேட்பது என்று ஒத்திகை பார்க்கிறார். அவள் இரண்டடி பின்னால் நடந்தாள். இவர்கள் சண்டை போட்டு முடித்தால் இரண்டு பக்கமும் சமாதானத்துக்கு நடக்க வேண்டியவளும் அவள்தான். அதற்கும் சேர்த்து இப்போதே கால் வலித்தது.

நாத்தனார் கதவைத் திறந்தவுடன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வா வா. நானே வரணும்னு இருந்தேன். நீயும் வாம்மா."

அவர் உட்காரவில்லை. பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து நீட்டினார். "அக்கா, இது."

"அடேயப்பா! சுத்திச் சுத்தி உன் கைக்கே வந்துடுச்சா?" நாத்தனாரின் முகம் பூரித்துப்போயிற்று. "எத்தனை வீடு பாத்துட்டு வந்துச்சோ!"

"நீதான் காப்பி போட்டியா?"

"எனக்கு எங்கடா போடத் தெரியும்? கீழ் வீட்டுக்காரர் போட்டுக் குடுத்தாரு. மாடி வீடு, எதிர் வீடு, பால்காரரு, எங்க ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் குடுத்தேன். எங்க மேனேஜர் இன்னொண்ணு கேட்டிருக்காரு."

"கூட்டத்துல நான் சொன்னது காதுல விழலையா உனக்கு?"

"விழுந்துச்சே. என்னமாப் பேசினே! அது மத்தவங்களுக்குச் சொன்னதுடா. நான் என்ன வெளியாளா?"

ஒத்திகை பார்த்த கேள்விகளில் இதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது.

"இத்தனை வருஷத்துல ஒரு காப்பி போட்டிருக்கேனா? அவகிட்டயே கேட்டுப் பாரு. எனக்கு வர்றதை நான் பாத்துட்டு உள்ள வச்சுடுவேன். இந்த வருஷம்தான் மனசு கேக்கல. இரு, போடறேன். உக்காரு சொல்றேன்."

உட்கார வைத்து, கடைசிப் பகுதிக்குத் தள்ளினாள். நன்றி எழுத்து ஏறிப் போயிற்று. திரை கறுத்தது. அந்தக் கறுப்பு இவ்வளவு நீளமா என்று போட்டவளுக்கே திகைப்பாக இருந்தது.

"அன்னிக்கு இதை அணைக்க மறந்துட்டு அப்படியே உக்காந்துட்டேன்," என்றாள் நாத்தனார் மெதுவாக. "அசதி. அப்பத்தான் பாத்தேன்."

பாப்பா வந்தாள். கயிறு சுற்றிய கையோடு, இருட்டிலிருந்து, பல்லெல்லாம் தெரிய.

வீடியோக்காரர் அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். அவர் முன்னால் சாய்ந்ததை அவள் கவனித்தாள். படம் போய்த் திரை நீலமான பிறகும் அவர் சாய்ந்தபடியே இருந்தார்.

"சொன்னா தப்பா நினைக்காதே," என்றாள் நாத்தனார். "வருஷா வருஷம் போட்டுப் பாப்பேன். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் இருக்கும். என் தம்பி எடுத்த படத்துல என் பொண்ணு மட்டும் இருக்கமாட்டா. அவ திரைக்குப் பின்னாடிதானே இருக்கா, இவன் என்ன செய்வான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனாலும் ஒருதடவை, ஒரே ஒருதடவை அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பக்கூடாதானு ஒரு குறை இருந்துச்சுடா. உன்கிட்டச் சொல்லல. இதைப் பாத்ததும் எல்லாம் போயிடுச்சு. எல்லாரும் போனப்பறம், எல்லாம் முடிஞ்சப்பறம், கடைசியா எம்பொண்ணை மட்டும் தனியா வச்சிருக்கே பாரு..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கு மட்டும்தானே வச்சே?"

அவர் மனைவியைப் பார்த்தார். காப்பாற்று என்று கேட்கிற பார்வை. உண்மை அவள் நாக்கு நுனியில் இருந்தது. அது பூட்டு, அண்ணி. திருடன் யாருனு கண்டுபிடிக்கப் போட்டது. அதை வச்சது உங்க தம்பி இல்லை, நான். எத்தனையோ வருஷத்துக்குச் சேர்த்து ஒருமுறை சொல்லிவிடலாம். ஆனால் நாத்தனார் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள், அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இவருதான் தேடித் தேடி எடுத்தாரு அண்ணி," என்றாள்.

"உனக்கு மட்டும்தான்க்கா," என்றார் அவர்.

தண்ணீர் குடிக்க அவள் சமையலறைக்குப் போனபோது பாப்பா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்தை, அது நீங்கதானே வச்சீங்க?"

"எப்படித் தெரியும்?"

"மாமா அன்னிக்குக் கேமராவை நாற்காலியில வச்சுட்டு ஸ்டாண்டை ரிப்பேர் பண்ணிட்டிருந்தாரு. சிவப்பு லைட்டு எரிஞ்சுது. நான் பாத்தேன். அதான் சிரிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாருக்கும் போட்டிருக்கீங்கதானே? என் ஃப்ரெண்டு வீட்ல கடைசியில அவ இருக்கா. அவங்க வீட்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாதுனு சொல்லியிருக்காங்களாம். மத்தவங்க பொறாமைப்படுவாங்களாம். நான் அம்மாகிட்டச் சொல்லல அத்தை."

பஸ்ஸில் இடம் கொடுத்தவளும், மருந்துக்கடையில் சிரித்தவரும், கையை அழுத்தியவளும் வரிசையாக அவள் மனதில் வந்தார்கள். ஒவ்வொரு வீடும் கடைசிவரை பார்த்திருக்கிறது. தங்களுக்கு மட்டும் கிடைத்த தனிச் சலுகை என்று ஒவ்வொரு வீடும் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறது. நாத்தனார் ஒருத்திக்குத்தான் மூச்சுக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"சொல்லாதே கண்ணு," என்றாள். பாப்பா டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

திரும்பி வருகிற வழியில் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். அங்கே போய் நின்ற பிறகு கேட்டார். "பாப்பா அங்கயா நிக்கறா?"

"ஆறு வருஷமா அங்கதான் நிக்கறா."

பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

மறுநாள், "நீயும் வா," என்று அவளையும் பள்ளிக்கு அழைத்துப் போனார். தலைமையாசிரியைக்கு நகல் ஒன்று பிடிபட்ட சேதி அதற்குள் எட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பேரைச் சொல்லுங்க," என்றார்.

"எங்க வீடு மேடம்."

"புரியலை."

"எங்க வீட்லேர்ந்தே வெளிய போயிருக்கு. வேற யாரும் காரணமில்ல."

தலைமையாசிரியையின் பார்வை அவரை விட்டு நேராக அவள் மேல் வந்து நின்றது. டிஸ்க் போடுகிறவள் அவள்தானே. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செய்யாத திருட்டுக்குத் தலை குனிந்தது சுரீரென்று வலித்தது; இல்லையென்று எப்படிச் சொல்வது? நிமிர்ந்தால் பாப்பா கயிற்றுக்குப் போவாள். பக்கத்தில் அவர் கை அவள் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. ஊர் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"சரி," என்றார் தலைமையாசிரியை. "நான் அன்னிக்குச் சொன்னதுதான். அடுத்த வருஷம் டீச்சருங்க பாத்துக்குவாங்க."

வெளியே வந்தபோது ஆபீஸ் கிளார்க் எழுந்து கூடவே வாசல்வரை வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு காதோடு சொன்னார். "கடைசியில எங்க பையனுக்கு மட்டும் அப்படி வச்சீங்களே சார். மூக்குல கை வைக்கறதுக்கு முன்னாடி நிறுத்தியிருக்கீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க. உயிர் போனாலும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"சொல்லாதீங்க," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னறையின் ஓரமாகக் கிடந்த கட்டிலில் சாய்ந்துவிட்டாள். மதிய வெயில் ஜன்னல் வழியாக நாற்காலிப் பள்ளத்தில் விழுந்தது. போன வேலையை நினைத்து அழ வேண்டும்தான். அதை எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அந்த முகமெல்லாம் எங்க வச்சிருக்கே?"

சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

"இது யாரு?"

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எப்படி இருக்கு?"

"தும்மறான்."

"மரமா நின்ன பையன். தையல்காரர் வீடு."

"இவனை நான் எடுத்தேனா?"

"நீங்கதான் எடுத்தீங்க. எடுத்தது உங்களுக்குத் தெரியாது."

"இது? அழுதுட்டே இருக்கா."

"கண்டக்டர் பொண்ணு. செருப்பு கடிச்சுதாம்."

இப்படியே போயிற்று. அவர் நிதானமாக, ஒன்றையும் தள்ளிவிடாமல் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னார். "இதையெல்லாம் ஒண்ணாச் சேத்து ஒரே டிஸ்க்காப் போட்டுடலாமா? வேலைதான் போச்சே. ஒவ்வொரு வீட்டுக்கும் சும்மா குடுத்துடலாம். பூட்டு கீட்டு எதுவும் வேணாம். யார் வேணாலும் காப்பி எடுத்துக்கட்டும்."

அவருடைய குரலில் ரொம்ப நாளாக இல்லாத ஓர் உற்சாகம் இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணி கண்ணுல படுமே," என்றாள்.

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. உனக்கு மட்டும்தான் என்று அவர் வாயாலேயே சொல்லியாயிற்று. இனி இந்த முகங்களை ஒன்றாக யாருக்கும் காட்ட முடியாது.

"இந்தப் பூட்டு ஒண்ணு உடையாதுபோல இருக்கு," என்றார் கடைசியில்.

அவளுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. அவர் அடுத்ததைப் போட்டார்.

"இது யாரு?" என்று கேட்டார், கொஞ்சம் மெதுவாக.

"பாத்துட்டே இருங்க," என்றாள். "தெரிஞ்சுடும்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.